வெள்ளிக்கிழமைகளில் செத்த மீன்கள்

என் பிரியத்துக்குரிய மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்களை அடக்கிய மையவாடிக்கு வந்து உங்கள் தலைமாட்டில் நின்று சொல்ல வேண்டிய சலாம் இது. எங்கள் ஊரில் பொம்பிளைகளை அங்கே விடுவதில்லை. அதிலும் நான் இத்தாவில் இருக்கிறவள், புருஷன் மௌத்தானபின் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுப்படி தாண்டக் கூடாதவள். அதனால் கடதாசியில் சொல்கிறேன். நாலு பேர் வாசிக்கிற பத்திரிகையில் புருஷனுக்குக் கடிதம் எழுதுகிறாளே என்று வாப்பா கோபிப்பார். கோபிக்கட்டும்.

வீட்டுப் புதினத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தொட்டியில் மீன்கள் சாகத் தொடங்கின. நீங்கள் போன கிழமையிலேயே தொடங்கிவிட்டன.

உங்களுக்குச் சிரிப்பு வரும். எத்தனை வருஷம் உங்களை நச்சரித்தேன்! நாட்டில் சண்டை முடிந்து, கடலுக்கு இறங்க நேவியிடம் பாஸ் கேட்கிற தொல்லை இல்லாமல் கடல் திறந்துவிட்ட நாளிலிருந்து நீங்கள் பவளம் வளர்கிற முருகைக் கல்லுக்கு இறங்கிக் கலர் மீன் பிடித்தீர்கள். பொலித்தீன் பையில் காற்றடைத்து லொறியில் கொழும்புக்கு அனுப்பினீர்கள். அங்கிருந்து அவை எந்தெந்த நாட்டுக்கோ பறந்தன. "ஊரான் வீட்டு ஹோலுக்கெல்லாம் கலர் மீன், எனக்கு மட்டும் ஆணம் காய்ச்சுற மீனா?" என்று நான் கேட்காத மாதம் இல்லை. கடைசியில் ஒருநாள் கண்ணாடித் தொட்டியோடு வந்து இறங்கினீர்கள். "நீ கடலுக்குள்ள வர மாட்டாய். நான் பாக்கிறதை உனக்கு ஹோலுக்குள்ள காட்டுறன்" என்றீர்கள்.

அதற்குப் பிறகு உங்கள் பொறுமையை நான் கண்டேன். மணலைப் பரப்பினீர்கள், பாசியும் பூச்சியும் ஒட்டிய உயிருள்ள கல்லை அடுக்கினீர்கள், கடல் தண்ணீரை நிரப்பினீர்கள். மீன் மட்டும் விடவில்லை. "தொட்டி பழக வேணும், பழகாத தண்ணி மீனுக்கு நஞ்சு" என்று வெறுந்தண்ணீரையே ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "தண்ணிக்கு விருந்து வச்சிரிக்கீங்களா?" என்று நான் பகிடி பண்ணினேன். பிறகுதான் ஒவ்வொன்றாகக் கொண்டு வந்தீர்கள். கோமாளி மீன் ஒரு சோடி, வண்ணத்திப்பூச்சி மீன்கள், மஞ்சள் வாலோடு நீல நிறத்தில் சின்னன்கள். அவற்றை விட்ட அடுத்த கிழமை நீங்கள் இல்லை.

அன்றைக்குக் கடலால் திரும்பி வந்து தோள் வலிக்கிறது என்றீர்கள். பிளேன்டி தேத்தண்ணி கேட்டீர்கள். நான் கொண்டு வருவதற்குள் கதிரையிலேயே சரிந்துவிட்டீர்கள். புத்தளம் ஆஸ்பத்திரிக்கு என்று வேனில் ஏற்றினார்கள், பாலாவி தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்தீர்களா? அளவுக்கு மேல் நேரம் கீழே இருந்தீர்களா? நெஞ்சுக்குத்தா? எல்லாரிடமும் கேட்டேன். "அல்லாஹ்ட நாட்டம், புள்ள" என்றார்கள். நாட்டம்தான், நான் மறுக்கவில்லை. ஆனாலும் நாட்டத்துக்குள்ளே ஒரு காரணமும் இருக்குமே, அதைத்தானே கேட்டேன்.

உங்களோடு அன்று இறங்கிய நஸீரிடமும் கேட்டேன். பாவம், உங்கள் கூட்டாளி. உங்களுக்குப் பிறகு தொட்டிக்குத் தண்ணீர் கொண்டு வருகிறவர் அவர்தான். நான் இத்தாவில் இருப்பதால் முகம் பார்த்துப் பேச முடியாது. அவர் ஜன்னலுக்கு வெளியே நிற்பார், நான் திரைச்சீலைக்கு உள்ளே நிற்பேன். "நஸீர், அண்டைக்குக் கீழ என்ன நடந்தது?" என்று கேட்டால், "எனக்குத் தெரியா மதினி. நான் அங்கால பக்கம் நிண்டன்" என்பார். ஒவ்வொரு தடவையும் அதே வசனம்தான்.

உங்களை அடக்கிய பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை விடிய, ஒரு வண்ணத்திப்பூச்சி மீன் கல் இடுக்கில் சாய்ந்து கிடந்தது. மௌத்து விசாரிக்க வந்த பொம்பிளைகள், "எசமானைத் தேடிப் போயிட்டு" என்று கண்ணைத் துடைத்தார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. மீனுக்கு என்ன தெரியும், யார் இருக்கிறார் யார் இல்லை என்று? அடுத்த வெள்ளி நீலச் சின்னன் ஒன்று. அதற்கடுத்த வெள்ளி இன்னொன்று. உங்களைத் தூக்கிக்கொண்டு போனபோது அழாத அழுகை அந்தச் சின்ன உடம்புகளை வலையால் அள்ளியபோது வந்தது.

உங்களுக்கு நடந்ததற்குக் காரணம் கேட்க எனக்கு வழியில்லை. இதற்காவது கண்டுபிடித்தே தீருவேன் என்று இறங்கினேன்.

முதல் சந்தேகம் உங்கள் மேல்தான். தொட்டி பழகுமுன்னே மீனை விட்டுவிட்டார் என்று மனதுக்குள் உங்களோடு சண்டை பிடித்தேன். நீங்கள் கொழும்பிலிருந்து வாங்கி வைத்த சின்னப் போத்தல் மருந்தை எடுத்து, காட்டித் தந்தபடி துளி விட்டுப் பார்த்தேன். பச்சையானால் தண்ணீரில் நஞ்சு, மஞ்சளாகவே நின்றால் நல்லது. மஞ்சள். நம்பாமல் மறுநாளும் பார்த்தேன், மஞ்சள்தான். தொட்டி நன்றாகவே பழகியிருந்தது. உங்கள் வேலையில் பிழை இல்லை மச்சான். அன்றைக்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்டேன், உங்களுக்குக் கேட்டதா?

பிறகு தண்ணீரைச் சந்தேகித்தேன். உப்புப் பார்க்கிற குழாயை வெளிச்சத்துக்குப் பிடித்தால் கோடு எங்கேயோ மேலே நின்றது. நஸீர் வந்தபோது சீலைக்குள் இருந்தே பிடித்துக்கொண்டேன்.

"நஸீர், எங்கால அள்ளின தண்ணி?"

"கடல்லதான் மதினி."

"பொய் சொல்லாதீங்க. களப்புத் தண்ணி இது. மழை இல்லாத காலத்துல களப்பு எவ்வளவு உப்புக் கரிக்குமெண்டு உங்களுக்குத் தெரியாதா?"

"சோழகக் காத்துல கடல் கொந்தளிக்கிது மதினி. போட் இறக்க ஏலாம இரிக்கு. மௌத்தான நானாட மீன் காயக் கூடாதெண்டுதான் களப்பில அள்ளினன்" என்றார். அதற்கு மேல் திட்ட மனம் வரவில்லை. கடல் கொஞ்சம் அடங்கிய ஒரு காலையில் மாம்புரிப் பக்கம் கடலுக்குப் போய், இடுப்பளவு தண்ணீரில் நின்று கேன் கேனாக நல்ல தண்ணீர் அள்ளி வந்தார். கொஞ்சங்கொஞ்சமாக மாற்றினேன். கோடு இறங்கிச் சரியான இடத்தில் நின்றது. தண்ணீர் சூடேறுகிறதோ என்று மேசைக் காத்தாடியையும் தொட்டிப் பக்கம் திருப்பி வைத்தேன். அந்தக் கிழமை முழுக்க மீன்கள் துள்ளித் திரிந்தன. வியாழன் பகல் கூட இரை போட்டபோது கையருகே வந்தன. வெள்ளி விடிய மற்ற வண்ணத்திப்பூச்சி மீனும் போய்விட்டது.

அன்றைக்கு வீட்டில் கதை மாறியது. கண்ணூறு என்றார்கள். வந்துபோன சனமெல்லாம் தொட்டியைப் பார்த்து வாயைப் பிளந்ததுதானே, அதுதான் என்றார்கள். உங்கள் உம்மா, என் மாமி, அதைப் பிடித்துக்கொண்டார். வியாழன் பின்னேரம் மஃரிப் தொழுகை நேரத்தில் சிரட்டைக் கரியில் சாம்பிராணி போட்டு, உங்கள் பேருக்குக் குர்ஆனில் யாசீன் ஓதுவது நீங்கள் போன கிழமையிலிருந்தே நடக்கிறது. சட்டியை வைப்பது தொட்டிக்குப் பக்கத்தில்தான், கடைசியாக உங்கள் கை பட்ட இடம் அது என்று. கண்ணூறு என்ற பிறகு சாம்பிராணி இரண்டு மடங்கானது. கண்ணாடி மூடியை நீக்கிவிட்டு, தண்ணீருக்கு மேலே சட்டியைச் சுற்றிச் சுற்றிப் புகை காட்டினார். ஹோல் கதவையும் அடைத்து வைப்பார், ஓதின அருள், பரக்கத்து, வெளியே போகாமல். நானும் பக்கத்தில் இருந்து ஆமீன் சொன்னேன்.

உங்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. மீன் செத்ததும் புகையைக் கூட்டினோம், புகையைக் கூட்டியதும் மீன் செத்தது.

அடுத்த வெள்ளி ஒரே விடியலில் இரண்டு. கோமாளிச் சோடியும் மூன்று சின்னன்களும்தான் மிச்சம். வாப்பா வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"மகள், மௌத்து வீட்டுல கிழமைக்கிழமை இன்னொரு மௌத்துப் பாக்க ஏலா. நீயும் சாப்பாடு தண்ணி இல்லாம அதுக்கு முன்னாலயே குந்திக்கிட்டு இரிக்காய். வாற வெள்ளி இன்னொண்டு செத்துதெண்டா நான் லொறி கொண்டந்து தொட்டிய ஏத்துவன். மிச்சத்த நஸீர் கடல்ல விடட்டும்."

"வாப்பா, இது அவர் எனக்குத் தந்தது."

"அவரே இல்ல, புள்ள."

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வாப்பா போனபின் சும்மா இருக்க முடியாமல் நுரைக் கோப்பையைக் கழுவ எடுத்தேன். காற்றுக் குமிழி அழுக்கைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்க்கிற கோப்பையைத்தான் சொல்கிறேன். ஒவ்வொரு நாளும் அதில் அழுகிய பாசி நாற்றம்தான் வரும். அன்றைக்கு முகத்துக்குக் கிட்டே கொண்டு போனேன். சாம்பிராணி மணத்தது.

நம்பவில்லை. என் கையில், என் தலைத்துணியில் இருக்கிற மணம் என்று நினைத்து சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வந்து மறுபடியும் மோந்து பார்த்தேன். நுரையில்தான் இருந்தது. தண்ணீரின் மேல் வெயில் பட்ட இடத்தில் எண்ணெய்ப் படலம் மினுங்கியது. கோப்பைக்குக் காற்று வருகிற குழாயைப் பிடித்துக்கொண்டே போனேன். அது அலுமாரிக்குப் பின்னால், மாமி சட்டி வைக்கிற இடத்துக்கு நேர் பின்னால், காற்றுப் பம்பில் போய் முடிந்தது. பம்பின் அடியில் காற்றை இழுக்கிற இடத்தில் ஒரு சின்னப் பஞ்சு. நீங்கள் பூட்டியபோது வெள்ளையாக இருந்த பஞ்சு. இப்போது கரிக்கட்டி போல் இருந்தது.

ஹோலில் இருந்த புகை முழுவதையும் பம்ப் இழுத்து இழுத்துத் தண்ணீருக்குள் விட்டிருக்கிறது. உங்கள் மீன்கள் அதைத்தான் மூச்சாகக் குடித்திருக்கின்றன.

காரணம் கிடைத்துவிட்டது. கிடைத்ததும் பம்புக்குப் பக்கத்திலேயே நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். மாமியிடம் எப்படிச் சொல்வது?

உங்களுக்குத் தெரியாததா? தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை மன்னாரை விட்டுப் புலிகள் விரட்டியபோது, உங்கள் வாப்பாவை அடக்கிய கப்றை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர் அவர். சண்டை முடிந்ததும் அவருக்காக நீங்கள் போய்த் தேடினீர்கள். மையவாடியைக் காடு மூடியிருந்தது, எது யாருடையது என்று தெரியவில்லை என்று திரும்பி வந்தீர்கள். அன்று பின்னேரம் மாமி சாம்பிராணி போட்டதை நான் மறக்கவில்லை. செத்தவர்களுக்கு அவரால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

பம்பை மட்டும் அடுத்த அறைக்கு மாற்றினால் என்ன என்று யோசித்தேன். ஆனால் தண்ணீருக்கு மேலேயே சட்டியைச் சுற்றுகிறாரே, அதை எப்படித் தடுப்பது? பம்பை நிறுத்திவிடலாமா? மீன்கள் காற்றில்லாமல் சாகும். கிழமை முழுக்க வாய்க்குள் வசனங்களை உருட்டிக்கொண்டு திரிந்தேன். மாமி கறி அரியும்போது சொல்லலாம் என்று போவேன், "என்ன புள்ள?" என்று நிமிர்வார், "ஒண்டுமில்ல மாமி" என்று திரும்பி வருவேன். சனி போனது, திங்கள் போனது, வியாழனும் வந்துவிட்டது.

பின்னேரம் குசினியில் சிரட்டை எரிகிற மணம் வந்தது. அதற்கு மேல் தள்ளிப்போட இடமில்லை.

"மாமி, இண்டைக்கு ஹோலுக்குள்ள புகை வேணாம்."

"ஏன் புள்ள?"

"மீனுக்கு ஒத்துக்கல்ல போல இரிக்கு."

"மீனுக்கா?" சட்டியைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "இது என்ட மகனுக்குப் போடுற புகை."

"தெரியும் மாமி."

"இவன்ட வாப்பாட கப்று எங்கனண்டு எனக்குத் தெரியா. இவன்ட கப்று பக்கத்துல இரிந்தும் நான் போக ஏலா. இதையும் வேணாமெண்டா நான் என்னத்தத்தான் செய்யிற?"

அப்போது நான் வாயை மூடியிருக்க வேண்டும். எனக்குத்தான் நாக்கில் பூட்டு இல்லை என்று நீங்களே சொல்வீர்கள். "செத்தவருக்குப் புகை போட்டு, உசிரோட இரிக்கிறதைச் சாகடிக்கிறதா?" என்று கேட்டுவிட்டேன்.

மாமியின் முகம் அப்படியே நின்றுவிட்டது. சட்டியோடு ஹோலுக்குள் வந்தார். நான் முந்திப் போய்த் தொட்டிக்கு முன்னால் நின்றேன். கரி கனன்றது. அவர் கையில் ஒரு பிடி சாம்பிராணி. போட்டாரென்றால் முடிந்தது. நானும் நகரவில்லை, அவரும் நகரவில்லை. என் முதுகுக்குப் பின்னால் பம்ப் கொர்ரென்று காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு நிமிஷத்தில் நான் மாமியை வெறுத்தேன், மச்சான். உண்மையைச் சொல்கிறேன். அவரும் என்னை வெறுத்திருப்பார்.

பள்ளிவாசலில் மஃரிபுக்குப் பாங்கு ஒலித்தது. மாமி கண்ணை மூடிக் கேட்டார். பிறகு கையிலிருந்த சாம்பிராணியைச் சட்டை மடிப்புக்குள் போட்டுக்கொண்டு, திரும்பி, வளவுக்கு இறங்கிப் போனார்.

தொழுதுவிட்டு முருங்கை மரத்தடியில் பாயைப் போட்டு உட்கார்ந்து யாசீன் ஓதினார். புகையைச் சோழகம் வேலிக்கு அப்பால் தூக்கிக்கொண்டு போனது. நான் படி தாண்டக் கூடாதவள். உள்ளே தொட்டிக்குப் பக்கத்தில் இருந்து அதே யாசீனை ஓதினேன். அவர் ஓர் ஆயத்தில் நிறுத்தினால் நானும் நிறுத்தினேன். உங்களுக்கு இரண்டும் சேர்ந்து வந்ததா, தனித்தனியாக வந்ததா?

வெள்ளி விடிய சுபஹு தொழுத கையோடு தொட்டிக்கு ஓடினேன். கோமாளிகள் இரண்டும் கல்லைச் சுற்றி ஒன்றையொன்று துரத்தின. சின்னன்கள் மேலே வந்து வாயைத் திறந்தன. ஒன்றும் குறையவில்லை. மறுபடி எண்ணினேன், குறையவில்லை. சத்தம் போட்டு அழப் போனேன்.

பின்னால் மாமி நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. கண்ணாடிக்குக் கிட்டே வந்து, ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப, செத்ததையெல்லாம் நான்தானா கொண்டது?"

ஓம் என்பதுதான் பதில். காரணம் வேணும், காரணம் வேணும் என்று ஊரையே உலுக்கியவள் நான். கரி பிடித்த பஞ்சு அலுமாரிக்குப் பின்னால் இருக்கிறது, கையை நீட்டினால் எடுத்துக் காட்டலாம். மாமியின் கைகளைப் பார்த்தேன். உங்களைக் குளிப்பாட்டி வளர்த்த கைகள். தன் மகனின் பேரால் தன் மகனின் மீன்களைக் கொன்றது இந்தக் கைகள் என்று அவருக்கு நான் சொல்ல வேண்டுமா?

"இல்ல மாமி" என்றேன். "புகை சும்மா ஒரு சந்தேகம். தொட்டி புதுசுதானே, பழக முந்தி உங்கட மகன் அவசரப்பட்டு மீன விட்டுட்டார். அதுதான் செத்த. இப்ப பழகிட்டு, இனிச் சாகாது."

மாமி கொஞ்சம் யோசித்தார். பிறகு மூச்சு விட்டார். நீங்கள் போன நாளிலிருந்து அவர் அப்படி மூச்சு விட்டு நான் பார்க்கவில்லை.

"அவன் சின்னதுலயே அப்பிடித்தான் புள்ள. எதுலயும் பொறுக்க மாட்டான்" என்றார். கண்ணீரோடு சிரித்தார். "மீனையும் அவசரத்துல விட்டான், தானும் அவசரத்துல போயிட்டான்."

உங்கள் மேல் பழியைப் போட்டுவிட்டேன், மச்சான். அவ்வளவு பொறுமையாகத் தொட்டியைப் பழக்கிய மனிதரை அவசரக்காரன் ஆக்கினேன். நீங்கள் தாங்குவீர்கள் என்றுதான் உங்கள் மேல் போட்டேன். மாமி குர்ஆன் ஓதுவார், தமிழ் எழுத்து வாசிக்க மாட்டார். இதை வாசிக்கிறவர்கள் யாராவது அவருக்கு வாசித்துக் காட்டினால் நாளை மறுமையில் அவர்கள் சட்டையைப் பிடிப்பேன்.

வாப்பா அன்றைக்கு வந்து தொட்டியைப் பார்த்தார், பிளேன்டி குடித்தார், லொறிக் கதை எடுக்காமல் போனார். மாமி இப்போது ஒவ்வொரு வியாழனும் வளவிலேதான் ஓதுகிறார். காற்று நல்லதாம். தொட்டியில் இருக்கிற மீன்கள் எல்லாம் சுகம்.

ஆனால் எனக்கு அன்றிலிருந்து ஒன்று மனதைக் குடைகிறது. மாமிக்கு நான் சொன்ன பொய் எவ்வளவு லேசாக வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, ஜன்னலுக்கு வெளியே நஸீரின் குரல் கேட்டது. தண்ணீர் கொண்டு வந்திருந்தார். பழக்கத்தில், "நஸீர், அண்டைக்குக் கீழ..." என்று வாயெடுத்தேன். "எனக்குத் தெரியா மதினி" என்று உடனே வந்தது பதில். நான் மாமிக்குச் சொன்ன அதே வேகம், அதே குரல். சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேனை வைத்துவிட்டு அவரும் கொஞ்ச நேரம் போகாமல் நின்றார்.

அவர் கண்டிருக்கிறார், மச்சான். எதையோ கண்டு, எனக்காக விழுங்கி வைத்திருக்கிறார்.

இத்தா முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். முடிந்த முதல் வேலையாக, நஸீரின் பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு அவர் போட்டில் ஏறி, உங்கள் முருகைக் கல்லுக்கு மேலே போவேன். தொட்டிக்கு வேண்டிய தண்ணீரை என் கையால் அள்ளுவேன். நீங்கள் பார்த்ததைக் குனிந்து ஒருதரம் பார்ப்பேன். நஸீர் எனக்கு எதிரே உட்கார்ந்திருப்பார், நடுவில் சீலை இருக்காது. உங்களுக்கு நான் தருகிற வாக்கு இது: அவர் முகத்தைப் பார்ப்பேன், அன்று கீழே நடந்ததைக் கேட்க மாட்டேன்.

உங்கட பெண்சாதி,
பரீனா